மதிலுக்கு அந்தப் பக்கம்

வாட்ஸப்பில் நான் போட்ட ஒரு வரி இன்னும் என் போனில் கிடக்கிறது. 2021 செப்டம்பர் 3, வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். 'இவனையெல்லாம் அப்பவே பிடிச்சு ஊருக்கு அனுப்பியிருக்கணும்.' அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். அதற்கும் கீழே, குழுவிலிருந்து ஒருவர் வெளியேறினார் என்கிற சாம்பல் நிற அறிவிப்பு. யார் என்று அன்றைக்கு நான் பார்க்கவில்லை. ஊரடங்குக் காலத்தில் ஆட்கள் குழுவுக்குள் வருவதும் கோபித்துக்கொண்டு போவதும் தினசரி நடந்ததுதான். நாலைந்து நாள் கழித்து, கறிவேப்பிலை கேட்கலாம் என்று காக்காவின் பெயரைத் தேடியபோதுதான் தெரிந்தது, போனவர் அவர்.

காக்கா என்றால் சென்னைக்காரர்கள் சிரிப்பார்கள். நான் தூத்துக்குடிப் பக்கத்து ஆள். காயல்பட்டினத்தில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அதனால் எனக்கு அது புதிதில்லை. இலங்கையின் கிழக்குக் கரை முஸ்லிம்களும் அப்படித்தான். இவர் ஏறாவூர்க்காரர். நான் நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்த புதிதில், பழைய டொயோட்டா ஒன்றை ஏமாறாமல் வாங்கிக் கொடுத்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். 'தம்பி' என்று கூப்பிட்டாலும் 'நீங்க' என்றுதான் பேசுவார். வீட்டுக்குப் பின்னால் ஒரு கண்ணாடிக் கொட்டகை கட்டி, அதற்குள் கறிவேப்பிலை வளர்க்கிறார். இந்த ஊர்க் குளிரில் அதை உயிரோடு வைத்திருப்பவர் எங்கள் வட்டாரத்தில் அவர் ஒருவர்தான். ஆகவே அவரைப் பகைத்துக்கொண்டால் ரசத்துக்கும் கேடு.

அந்த வரியை அழித்துவிடலாம் என்று பலமுறை நினைத்தேன். அழிக்கவில்லை. அதில் எங்கே தப்பு என்று எனக்கே பிடிபடாமல் கொஞ்ச காலம் இருந்தது. சட்டென்று பார்த்தால் தப்பே இல்லாத வாக்கியம் அது. கத்தியோடு ஒருவன் கடைக்குள் புகுந்து குத்தியிருக்கிறான், அவன் வெளிநாட்டுக்காரன், முன்பே அனுப்பியிருந்தால் யாருக்கும் காயம் பட்டிருக்காது. இதில் என்ன கோளாறு?

அந்த வெள்ளிக்கிழமை

ஆக்லாந்தில் முழு ஊரடங்கின் மூன்றாவது வாரம். கடைக்குப் போவது மட்டும்தான் அப்போது எங்களுக்கு வெளியுலகம். நியூ லின் மாலில் அநேகமாக எல்லாம் பூட்டிக் கிடக்க, கவுண்ட்டவுன் சூப்பர் மார்க்கெட் திறந்திருந்தது. எங்கள் வீட்டிலிருந்து நடந்தால் பன்னிரண்டு நிமிடம். அன்று மத்தியானம் தயிரும் கொத்தமல்லியும் வாங்கப் போக வேண்டியவன், ஆபீஸ் மீட்டிங் ஒன்று இழுத்துக்கொண்டே போனதால் போகவில்லை. மூன்று மணி வாக்கில் ஹெலிகாப்டர் சத்தம். கூரைக்கு மேலேயே நிற்கிற மாதிரி. அப்புறம் சைரன். அப்புறம் ஒரு வீடியோ, கடைக்குள் யாரோ எடுத்தது: வண்டிகளைப் போட்டுவிட்டு ஜனங்கள் ஓடுகிறார்கள், பின்னால் படபடவென்று துப்பாக்கிச் சத்தம். நான் வழக்கமாகத் தயிர் எடுக்கிற வரிசை அதில் தெரிந்தது.

ஏழு பேருக்குக் காயம் என்று அப்போது சொன்னார்கள். சிலர் பிழைப்பதே சந்தேகம் என்றார்கள். நல்ல வேளை, எல்லோரும் பிழைத்தார்கள். குத்தியவனைப் போலீஸ் அங்கேயே சுட்டுக் கொன்றது. சாயங்காலம் பிரதமர் ஜசிண்டா ஆர்டர்ன் டிவியில் வந்து சொன்னதுதான் எல்லோரையும் தூக்கிவாரிப் போட்டது. அவன் யாரென்று போலீசுக்கு முன்பே தெரியும். அவனை நாள் முழுக்கப் பின்தொடர்ந்துகொண்டிருந்தார்கள். கடைக்குள் அவன் நுழைந்தபோது வெளியே காவலர்கள் நின்றிருந்தார்கள். அலமாரியிலிருந்தே கத்தியை எடுத்துக் குத்த ஆரம்பித்த பிறகுதான் உள்ளே ஓடினார்கள். இலங்கைக்காரன், 2011இல் வந்தவன் என்றும் பிரதமர் சொன்னார்.

எங்கள் குழுவில் தமிழ்நாட்டுக்காரர்களும் இலங்கைக்காரர்களும் பாதிக்குப் பாதி. பேட்மிண்டன் ஆடுவதற்காக ஆரம்பித்து, வாடகை வீடு, வெங்காய விலை, விசா என்று எல்லாம் பேசுகிற இடமாக ஆகியிருந்தது. அன்றைய முதல் கேள்வி, ஆள் தமிழா சிங்களமா என்பது. மறுநாள் ராத்திரி நீதிமன்றத் தடை நீங்கிப் பெயர் வெளியானதும், காத்தான்குடி முஸ்லிம் என்று தெரிந்ததும், ஒருவர் 'அப்பாடா, நம்மாளு இல்ல' என்று எழுதினார். அவன் தாய்மொழி தமிழ். அவன் அம்மா இலங்கைத் தொலைக்காட்சிக்குப் பேசியதும் தமிழில்தான். பெயரை நான் இங்கே எழுதவில்லை. 2019இல் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் நடந்த கொலைகளுக்குப் பிறகு இந்த நாட்டில் அப்படி ஒரு வழக்கம் வந்துவிட்டது, எனக்கு அது பிடித்திருக்கிறது.

அடுத்த சில நாள் செய்தித்தாளில் வந்த தேதிகளை ஒரு தாளில் குறித்து வைத்தேன். கணக்குப் பிள்ளை புத்தி. 2011இல் மாணவர் விசாவில், 22 வயதில் வருகிறான். இலங்கை அதிகாரிகளால் தனக்கும் தந்தைக்கும் ஆபத்து என்று அகதி அந்தஸ்து கேட்கிறான். முதலில் மறுக்கிறார்கள், 2013 கடைசியில் குடியேற்றத் தீர்ப்பாயம் கொடுக்கிறது. 2016இல் அவன் ஃபேஸ்புக்கில் ஐ.எஸ். பயங்கரவாதிகளுக்கு ஆதரவாகப் போடுவதைப் போலீஸ் கவனிக்கிறது. 2017 மே மாதம் சிங்கப்பூருக்கு ஒருவழி டிக்கெட்டோடு ஆக்லாந்து விமான நிலையத்தில் பிடிபடுகிறான். சிரியாவுக்குப் போகப் பார்த்தான் என்று சந்தேகம். 2018இல் கத்தி வாங்கியதற்காக மறுபடி கைது. அப்புறம் மூன்று வருடம் உள்ளே. அகதி மனுவே மோசடி என்று குடியேற்றத் துறை முடிவு செய்து, 2019 பிப்ரவரியில் அந்தஸ்தை ரத்து செய்கிறது. ஏப்ரலில் நாடுகடத்தல் நோட்டீஸ். அவன் மேல்முறையீடு செய்கிறான்.

இதற்கு நடுவில் இன்னொரு கூத்து. தாக்குதலுக்குத் திட்டமிட்டதாக அவன்மேல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் வழக்குப் போடப் பார்த்தார்கள். 2020இல் உயர் நீதிமன்றம் முடியாது என்றுவிட்டது. 2002இல் எழுதிய அந்தச் சட்டத்தில், தாக்குதலுக்குத் திட்டமிடுவதோ தயார் செய்வதோ மட்டும் தனிக் குற்றமாக இல்லை. மிச்சமிருந்தது, தடைசெய்யப்பட்ட பிரசாரச் சரக்கை வைத்திருந்த குற்றம்தான். 2021 ஜூலையில் ஒரு வருடக் கண்காணிப்புத் தண்டனையோடு வெளியே வந்தான். நாடுகடத்தும்வரை குடியேற்றச் சட்டத்தின் கீழ் அடைத்து வைக்கலாமா என்று கேட்டுப் பார்த்தார்கள். இலங்கைக்கு அனுப்பினால் சித்திரவதைக்கு ஆளாகலாம் என்பதால் சட்டம் அவனைப் பாதுகாக்கப்பட வேண்டியவனாகவே கருத வாய்ப்பு அதிகம், அனுப்பவே முடியாத ஆளை அனுப்புவதற்காக அடைத்து வைக்க முடியாது என்று ஆலோசனை வந்தது. இதைப் படித்தபோது என் கோபம் கூடத்தான் செய்தது. அவனால் காயம்பட்ட ஏழு பேருக்கு இல்லாத பாதுகாப்பு இவனுக்கு எதற்கு?

கறிவேப்பிலைக் கொட்டகை

டிசம்பரில் கட்டுப்பாடுகள் தளர்ந்ததும் காக்கா வீட்டுக்குப் போனேன். முன்கூட்டிச் சொல்லவில்லை, சொன்னால் வேண்டாம் என்றுவிடுவாரோ என்று பயம். மாலுபாண் (மீன் வைத்த பன்) பாக்கெட் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். அவர் மனைவி கதவைத் திறந்து, 'பின்னால நிக்கிறார், போங்க' என்றார். கொட்டகைக்குள் ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, கத்தரிக்கோலை எடுத்துக் கறிவேப்பிலையை வெட்ட ஆரம்பித்துவிட்டார். நான் எதற்கு வந்தேன் என்று கேட்கவே இல்லை. அந்த மெசேஜ் பற்றி நானாகத்தான் பேச்செடுத்தேன். உங்களைச் சொல்லவில்லை காக்கா, அவனைத்தான் சொன்னேன் என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு மட்டமான சமாதானம் என்று உறைத்தது.

'அது எனக்கு விளங்குது தம்பி' என்றார். கொஞ்ச நேரம் வெட்டினார். 'ஒண்டு கேக்கிறன். அவன அனுப்பியிருந்தா எங்க போயிருப்பான்? எங்கட பக்கத்துக்குத்தானே. அங்க எண்ட உம்மா இரிக்கா. அவ சந்தைக்குப் போறா, ஆசுபத்திரிக்குப் போறா. இஞ்ச அவனுக்குப் பின்னால பொலிஸ் திரிஞ்சிது. அங்க யாரு திரிவா?'

அவ்வளவுதான் சொன்னார். பழைய செய்தித்தாளில் கறிவேப்பிலையைச் சுருட்டிக் கொடுத்தார். டீ குடித்தோம். மகன் படிப்பைப் பற்றிப் பேசினோம். காரில் திரும்பி வரும்போது சிக்னலில் பச்சை விழுந்தும் நான் நகராமல் நின்று, பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தான்.

'ஊருக்கு அனுப்பணும்' என்று நான் எழுதியபோது, அந்த ஊர் என் மனதில் எப்படி இருந்தது? ஆள் நடமாட்டமே இல்லாத இடமாக. போனவன் போனவன்தான், அதற்குமேல் கதை கிடையாது என்கிற இடமாக. அங்கே ஒரு சந்தை, அந்தச் சந்தையில் ஒரு கிழவி, அவள் கையில் ஒரு பை என்றெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை. எனக்குத் தோன்றாதது கிடக்கட்டும். 'நாட்டுப் பாதுகாப்புக்காக நாடுகடத்தல்' என்று உலகம் முழுக்க அரசாங்கங்கள் பேசுகிறபோதும் அந்தக் கிழவி வருவதில்லை. நாடு என்றால் அனுப்புகிறவரின் நாடுதான்.

அதுவும் எந்த ஊர்! மட்டக்களப்புக்குத் தெற்கே காத்தான்குடி, வடக்கே ஏறாவூர். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வைத்து 260-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற கூட்டத்தின் தலைவன் சஹ்ரான் காத்தான்குடிக்காரன். இங்கே நாடுகடத்தல் நோட்டீஸ் போனதும் அதே ஏப்ரலில்தான். அந்த ஊரின் முஸ்லிம்கள் சஹ்ரானைப் பற்றி முன்பே புகார் சொல்லி, கேட்பாரில்லாமல் போனது ஊரறிந்த கதை. குண்டு வைத்தவர்களில் ஒருவர் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் படித்துவிட்டுத் திரும்பியவர் என்பதும் பிறகு தெரியவந்தது. ஆபத்து ஏழை நாட்டிலிருந்து பணக்கார நாட்டுக்கு ஒரே திசையில் பாய்கிறது என்று நினைப்பவர்கள் இந்த ஒரு தகவலைக் கொஞ்சம் வாயில் போட்டு மென்று பார்க்கலாம்.

ஆச்சியின் இடுக்கி

எங்கள் வீட்டில் தேள் வந்தால் ஆச்சி கொல்ல விடமாட்டாள். செவ்வாய், வெள்ளி என்றால் சுத்தமாகக் கூடாது. இடுக்கியால் பிடித்துக் கொல்லைப்புற மதிலுக்கு அந்தப் பக்கம் வீசிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு சாமி கும்பிடுவாள். அந்தப் பக்கம் ஒரு வாத்தியார் வீடு. ஒருநாள் எங்கள் கொல்லையில் வானத்திலிருந்து ஒரு தேள் வந்து விழுந்தது. அன்றைக்கு ஆச்சி மதிலோரம் நின்று போட்ட சத்தத்தை இன்னும் தெருவில் யாராவது நினைவு வைத்திருப்பார்கள். மனிதனைத் தேளோடு ஒப்பிடுவது சரியில்லைதான். நான் ஒப்பிடுவது ஆச்சியை.

ஏனென்றால் நியூசிலாந்து பல வருடமாக அதே சத்தத்தைத்தான் போட்டுக்கொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவின் குடியேற்றச் சட்டத்தில் 501 என்று ஒரு பிரிவு. நடத்தை சரியில்லை என்று விசாவை ரத்து செய்யும் பிரிவு. 2014இல் அதை இறுக்கினார்கள்: ஒரு வருடமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்று உள்ளே இருப்பவரின் விசா தானாகவே ரத்து. அதன் பிறகு 2,000-க்கும் மேற்பட்டவர்களை இங்கே அனுப்பினார்கள். அவர்களில் பலர் கைக்குழந்தையாக அங்கே போய், அங்கேயே வளர்ந்து, அங்கேயே கெட்டுப்போனவர்கள். இங்கே அவர்களுக்குச் சொந்தமும் கிடையாது, பந்தமும் கிடையாது. 'ஃபைவ் ஓ ஒன்' என்றால் இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். அங்கத்திய மோட்டார்சைக்கிள் கும்பல்கள் இங்கே கிளை திறந்ததற்கு அவர்கள் ஒரு காரணம் என்று போலீஸ் புலம்பாத நாளில்லை. 2020 பிப்ரவரியில் ஆர்டர்ன் சிட்னியில், ஆஸ்திரேலியப் பிரதமர் ஸ்காட் மோரிசனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, உங்கள் ஆட்களையும் உங்கள் பிரச்சினைகளையும் எங்களிடம் அனுப்பாதீர்கள் என்று சொன்னார். நாங்களெல்லாம் கைதட்டினோம். குழுவில் அந்த வீடியோவைப் போட்டதே நான்தான்.

ஒரு வருடம் கழித்து 2021 பிப்ரவரியில், சிரியாவிலிருந்து துருக்கி எல்லைக்குள் வந்த ஒரு பெண், ஐ.எஸ். இயக்கத்தைச் சேர்ந்தவள் என்கிற சந்தேகத்தில், இரண்டு குழந்தைகளோடு பிடிபட்டாள். இரட்டைக் குடியுரிமை. ஆறு வயதில் நியூசிலாந்தை விட்டுப் போய் ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவள், சிரியாவுக்குப் போனதும் ஆஸ்திரேலிய பாஸ்போர்ட்டில். ஆஸ்திரேலியா முந்திக்கொண்டு அவள் குடியுரிமையைப் பறித்துவிட்டது. எந்த நாடு முதலில் பறிக்கிறதோ அது தப்பித்தது, இரண்டாவது நாட்டின் தலையில் விடியும். ஆளை நாடற்றவராக்கக் கூடாது என்பதால் அடுத்த நாட்டால் கைவிட முடியாது. கிட்டத்தட்ட இசை நாற்காலி. ஆர்டர்ன் வெளிப்படையாகவே கோபப்பட்டார், ஆஸ்திரேலியா தன் பிரச்சினைகளை ஏற்றுமதி செய்து செய்து எங்களுக்கு அலுத்துவிட்டது என்றார். கடைசியில் 2021 ஜூலையில் நியூசிலாந்து அவளையும் குழந்தைகளையும் ஏற்றுக்கொள்ள முடிவெடுத்தது.

அதே ஜூலையில்தான் காத்தான்குடிக்காரன் சிறையிலிருந்து வெளியே வந்தான். அவனை இலங்கைக்கு ஏற்றுமதி செய்ய முடியுமா என்று இங்கே சட்டப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். கான்பராவைப் பார்த்துப் போட்ட சத்தத்தை, கொழும்பில் யாரும் வெலிங்டனைப் பார்த்துப் போடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அவன் 22 வயதில் இங்கே வந்தவன். போலீஸ் கண்ணில் பட்டது 27 வயதில். அந்த ஐந்து வருடமும் அவன் இருந்தது ஆக்லாந்தில், அறைக்குள், தனியாக, ஒரு ஸ்கிரீன் முன்னால். அவன் உள்ளூர்த் தயாரிப்பா, இறக்குமதியா? காக்கா வீட்டிலிருந்து வந்த ராத்திரி, இதை மனைவியிடம் கேட்டேன். 'ஏழு பேருக்குக் காயம் பட்டிருக்கு, நீங்க என்ன வரி விதிக்கவா பாக்கறீங்க' என்றாள்.

அவள் சொல்வதும் சரிதான். அந்த ஏழு பேரில் ஒருவராக நானோ அவளோ இருந்திருக்கலாம். அகதி மனுவில் பொய் சொன்னார் என்றால் அந்தஸ்தை ரத்து செய்வதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை, அது குடியேற்றச் சட்டத்தின் சொந்த வேலை. என் குறுகுறுப்பு வேறு. குத்தப்போகிறவனைத் தடுப்பது என்கிற வேலையை விசா அலுவலகத்திடம் கொடுத்தால் அது எப்படிச் செய்யும் என்பதுதான்.

விசா கேட்காதவன்

2019 மார்ச் 15. கிறைஸ்ட்சர்ச்சில் அல் நூர் பள்ளிவாசலிலும் லின்வுட் இஸ்லாமிய மையத்திலும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தில் 51 பேரைச் சுட்டுக் கொன்றவன் ஆஸ்திரேலியன். 2017 ஆகஸ்டில் இங்கே குடிவந்தான். ஆஸ்திரேலியர்கள் வந்து தங்க, வேலை செய்ய, விசாவுக்கு மனுப் போட வேண்டியதில்லை. 1973இலிருந்து உள்ள ஏற்பாடு. சில மாதத்தில் துப்பாக்கி லைசென்சும் வாங்கிவிட்டான். நான் பி.ஆர். வாங்க இரண்டு நாட்டுப் போலீஸ் சான்றிதழ், நெஞ்சு எக்ஸ்ரே, கல்யாண ஃபோட்டோ, ஆங்கிலப் பரீட்சை என்று ஒரு சூட்கேஸ் நிறையக் காகிதம் கொடுத்தவன். எக்ஸ்ரேயில் என் நுரையீரல் தெரிந்தது. அவன் நெஞ்சுக்குள் இருந்ததைப் பார்க்க யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எந்தப் படிவத்தில் அது தெரிந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

பிறகு அமைத்த ராயல் கமிஷன், 2020 டிசம்பரில் வெளியான அறிக்கையில், உளவு அமைப்புகள் இஸ்லாமியத் தீவிரவாதத்தின் மேலேயே அளவுக்கு மீறிக் கவனத்தைக் குவித்திருந்தன என்று சொன்னது. வேறு பக்கம் பார்த்திருந்தாலும் அவனைப் பிடித்திருப்பார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்றும் சொன்னது. அவனுக்குப் பரோலே இல்லாத ஆயுள் தண்டனை கொடுத்தபோது, துணைப் பிரதமராக இருந்த வின்ஸ்டன் பீட்டர்ஸ், தண்டனையை ஆஸ்திரேலியாவிலேயே கழிக்கட்டும், அனுப்பிவிடலாம் என்றார். பாருங்கள், கை தானாக இடுக்கியைத் தேடுகிறது.

இந்த விஷயத்தில் அமெரிக்கா செய்ததை வேகமாகச் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறேன். செப்டம்பர் 11இல் விமானம் கடத்திய 19 பேரில் 15 பேர் சவூதி, இருவர் ஐக்கிய அரபு அமீரகம், ஒருவர் எகிப்து, ஒருவர் லெபனான். 2017 ஜனவரியில் டிரம்ப் போட்ட தடையில் இருந்த ஏழு நாடுகளில் இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை. அதற்கு முன்னால் 2002இல், 25 நாட்டு ஆண்களை வரச்சொல்லி விரல்ரேகை எடுத்தார்கள். வட கொரியாவைத் தவிர எல்லாம் முஸ்லிம் பெரும்பான்மை நாடுகள். நாட்டுக்குள் இருந்து தாமாகவே போய்ப் பதிந்தவர்கள் 80,000-க்கு மேல். அவர்களில் 13,000-க்கும் மேற்பட்டவர்கள்மேல் நாடுகடத்தல் வழக்கு, பெரும்பாலும் விசா கெடு தாண்டியது போன்ற காரணங்களுக்கு. அந்தப் பதிவினால் பயங்கரவாதக் குற்றம் நிரூபணமானவர் ஒருவர்கூட இல்லை. ஒளிந்திருப்பவனைப் பிடிக்க வலை போட்டு, சொன்ன பேச்சைக் கேட்டு வரிசையில் வந்து நின்றவனைப் பிடித்தார்கள்.

எனக்கு நிஜமாகவே கண் திறந்தது பிரிட்டன் கதையில்தான். 1996இல் சாஹல் என்கிற சீக்கியரை இந்தியாவுக்கு அனுப்பக்கூடாது, பஞ்சாபில் சித்திரவதைக்கு ஆளாகும் ஆபத்து உண்டு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சித்திரவதை செய்கிற நாடுகளின் பட்டியலில் நம் பெயர் வருவதைப் படிக்கும்போது ஒரு மாதிரிதான் இருக்கிறது. செப்டம்பர் 11க்குப் பிறகு பிரிட்டன், அப்படி அனுப்பவும் முடியாத, வழக்குப் போடவும் முடியாத வெளிநாட்டுச் சந்தேக நபர்களை விசாரணை இல்லாமல் அடைத்து வைக்கச் சட்டம் போட்டது. லண்டனில் பெல்மார்ஷ் சிறை. அதை மூன்று சுவர்ச் சிறை என்றார்கள், ஏனென்றால் நாட்டை விட்டுப் போக ஒத்துக்கொண்டால் நாலாவது பக்கம் திறந்திருக்கும். இரண்டு பேர் அப்படியே போனார்கள். ஒருவர் மொராக்கோவுக்கு, ஒருவர் பிரான்சுக்கு.

பிரான்சுக்கு! கால்வாயைத் தாண்டினால் பிரான்ஸ். லண்டனில் விட்டுவைக்கவே முடியாத அளவு ஆபத்தானவர், பாரிசில் காப்பி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம் என்றால் அந்த ஆபத்துக்கு என்ன அர்த்தம்? 2004 டிசம்பர் 16 அன்று அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையின் ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் அந்த ஏற்பாடு செல்லாது என்று சொன்னபோது, ஏறக்குறைய இதைத்தான் கேட்டார்கள். இதே அளவு ஆபத்தான பிரிட்டிஷ் குடிமகனை அடைக்காமல் சமாளிக்க முடிகிறது என்றால் வெளிநாட்டுக்காரனை மட்டும் ஏன் அடைக்க வேண்டும்? ஏழு மாதம்கூட ஆகவில்லை. 2005 ஜூலை 7 காலையில் லண்டன் ரயில்களிலும் ஒரு பஸ்ஸிலும் குண்டு வெடித்து 52 பேர் செத்தார்கள். வைத்த நால்வரில் மூவர் பிரிட்டனில் பிறந்தவர்கள், நாலாமவன் சின்ன வயதிலேயே ஜமைக்காவிலிருந்து வந்தவன். யாரையும் எங்கேயும் அனுப்பியிருக்க முடியாது. அதற்குப் பிறகும் பிரிட்டன் தேடிக்கொண்டு ஓடியது நாடுகடத்தலைத்தான். ஜோர்டானோடு ஒப்பந்தம் போட்டு, நீதிமன்றம் நீதிமன்றமாக இழுத்து, 2013 ஜூலை 7 அன்று தீவிரவாதப் போதகர் என்று சொல்லப்பட்ட அபு கத்தாதாவை விமானத்தில் ஏற்றினார்கள். சித்திரவதை செய்து வாங்கிய வாக்குமூலங்களை அவருக்கு எதிராகப் பயன்படுத்தக்கூடாது என்பது நிபந்தனை. மறு வருடம் ஜோர்டான் நீதிமன்றம் இரண்டு வழக்கிலும் சாட்சியம் போதாது என்று விடுதலை செய்துவிட்டது. அந்த மனிதர்மேல் எனக்குத் துளி அனுதாபம் கிடையாது. ஆனால் அத்தனை வருடமும் அத்தனை பணமும் செலவழித்து பிரிட்டன் சாதித்தது, அவரை வேறொரு ஊரில் வெளியே விட்டதுதான்.

ஏழு பேருக்கு இல்லாத பாதுகாப்பு இவனுக்கு எதற்கு என்று கேட்டேன் அல்லவா. அதற்குப் பாதிப் பதில்தான் கிடைத்திருக்கிறது. கனடாவில் சுரேஷ் வழக்கு நம்மில் பலருக்குத் தெரிந்திருக்கும். அகதியாக ஏற்கப்பட்டவர், விடுதலைப் புலிகளுக்குப் பணம் திரட்டினார் என்று 1995இல் கைதானவர். இரட்டைக் கோபுரம் விழுந்து நாலே மாதத்தில், 2002 ஜனவரியில், சித்திரவதை ஆபத்து உள்ள நாட்டுக்கு ஒருவரை அனுப்புவது பொதுவாக அரசியல் சாசனத்துக்கு முரண் என்று கனடா உச்ச நீதிமன்றம் சொன்னது. அசாதாரண நிலைமையில் விதிவிலக்கு இருக்கலாம் என்று ஒரு சன்னலைத் திறந்தும் வைத்தது. அன்றைக்கு என் ஈழத்து நண்பர்கள் சந்தோஷப்பட்டார்கள், நானும்தான். காத்தான்குடிக்காரனுக்கு இங்கே குறுக்கே நின்றதும் அதே கொள்கை. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சுட்டது புலிகள் என்றுதான் அந்த ஊர் சொல்கிறது, புலிகள் மறுத்தாலும். அதே மாதம் ஏறாவூரிலும் அப்படி ஒரு ராத்திரி. காக்காவுக்கு அப்போது பதினைந்து வயது இருந்திருக்கும். நான் கேட்டதில்லை, அவர் சொன்னதுமில்லை. ஒரு விதி அந்த இரண்டு பக்கத்து ஆட்களுக்கும் ஒன்றாக நிற்கிறது என்றால், எனக்குப் பிடித்தவருக்கு மட்டும் வைத்துக்கொண்டு மற்றவருக்கு எடுத்துவிட முடியாது. மீதிப் பாதி பதில், அந்த ஏழு பேருக்குச் சொல்ல வேண்டியது, என்னிடம் இல்லை.

தாக்குதல் நடந்த மாதமே, ஏற்கனவே நாடாளுமன்றத்தில் இருந்த மசோதாவை வேகப்படுத்தி நிறைவேற்றி, தாக்குதலுக்குத் திட்டமிடுவதையே குற்றமாக்கினார்கள். அது முன்பே இருந்திருந்தால், பிறந்த ஊர் எதுவென்று பார்க்காமல், இங்கேயே வழக்குப் போட்டு இங்கேயே உள்ளே வைத்திருக்கலாம். ஆஸ்திரேலியாவில் பிறந்தவனுக்கும் அது செல்லும், ஆக்லாந்தில் பிறந்தவனுக்கும் செல்லும். அனுப்பிவிடலாம் என்கிற நினைப்பு ஒரு மூலையில் இருந்ததால்தான் இந்த ஓட்டையை இத்தனை வருடம் அடைக்காமல் விட்டார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். என் சந்தேகம் மட்டும்தான்.

2023இல் காக்காவின் உம்மா மூன்று மாதம் மகனோடு இருக்க வந்தார். காகிதங்கள் நிறையக் கேட்டு, கொடுத்து, மறுபடி கேட்டு, ஒருவழியாக விசா கிடைத்தது. ஒரு சனிக்கிழமை காக்காவுக்கு வேலை. உம்மாவைக் கடைக்குக் கூட்டிப்போக முடியுமா என்று என்னைக் கேட்டார். அந்தக் கடைக்குத்தான். தாக்குதல் முடிந்த கையோடு கத்தி, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் அலமாரியிலிருந்து எடுத்திருந்தார்கள். பிறகு எப்போதோ திரும்பி வந்துவிட்டது. உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, தள்ளுவண்டியைப் பிடித்தபடி, ஒவ்வொரு வரிசையாக நிதானமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். சமையல் சாமான் வரிசையில் நின்றார். மருமகள் வீட்டில் இருப்பது ஒன்றும் வெட்டாது என்று முணுமுணுத்தபடி, அட்டையில் ஒட்டியிருந்த ஒரு நீளக் கத்தியை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, பிளாஸ்டிக்குக்கு மேலாகவே கட்டைவிரலால் முனையைத் தடவிப் பார்த்தார்.

நான் சட்டென்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தேன். யாராவது கவனிக்கிறார்களா என்று. வரிசையின் கடைசியில் ஒரு பையன் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தான், அவன் திரும்பக்கூட இல்லை.

'இது மீனுக்குச் சரிவராது மகன்' என்று சொல்லி உம்மா அதை எடுத்த இடத்திலேயே மாட்டினார்.